தம் போட்டிருக்கிறேன்

பதினொன்று ஐந்து. மூடியாயிற்று. அண்டாவின் வாயைச் சுற்றி ஈரத்துணி, மூடிமேல் ஒரு சட்டி தணல், அடியில் எரிந்துகொண்டிருந்த கட்டைகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டாயிற்று. இனிமேல் பதினொன்று நாற்பது வரைக்கும் எனக்கும் இந்த அண்டாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உப்புக் குறைந்திருந்தாலும் சேர்க்க முடியாது, அரிசி பதம் தப்பியிருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. திறந்து பார்த்தால் ஆவி போய்விடும், ஆவி போனால் பிரியாணி வெறும் கறிச்சோறு. ஆகவே சும்மா இருக்க வேண்டும். கொத்தனாருக்கு இப்படி ஒரு சும்மா கிடையாது, டிரைவருக்குக் கிடையாது, ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு நிச்சயமாகக் கிடையாது. பிரியாணி மாஸ்டர் ஒருவன்தான் வேலை முக்கால்வாசி முடிந்து, மீதிக் கால்வாசிதான் எல்லாமே என்கிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியவன். இதற்குப் பெயர் தம். அரிசிக்குப் போடுவதும் தம், ஆள் புகை இழுத்தால் அதுவும் தம். இந்த வார்த்தைக்கு யார் இப்படி இரண்டு அர்த்தம் வைத்தார்களோ, என் ஒருவனுக்காகவே வைத்தது போல இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அண்டாவுக்கு ஒரு தம் போட்ட கையோடு போய் எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். கஞ்சா. அதை விட்டு இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். வீட்டுக் காலண்டரில் அமுலு தினமும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைக்கிறாள். அமுலு என் மனைவி. பால் வாங்காத நாளுக்குப் போடுகிற அதே பென்சில்தான்.

கை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது. மற்ற உடம்பெல்லாம் ஒருமாதிரி ஒத்துக்கொண்டுவிட்டது, இந்தக் கைதான் இன்னும் கேட்கிறது. இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரல் வட்டம் போட்டுக் கசக்கிக்கொண்டே இருக்கிறது, அங்கே கசக்குவதற்கு ஒன்றும் இல்லாமலே. போன மாதம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தபோது அமுலு இதைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் அரிப்பா என்று கேட்டு, தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். தேய்க்கட்டும் என்று கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது, கண்ணில் தூசி என்றேன். வாலாஜாவுக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டின மண்டபம் இது, பின்புறத்துத் தகரக் கொட்டகையில் நான் இருக்கிறேன். முன்னால் ஹாலில் இரட்டைப் பெண் குழந்தைகளுக்குக் காதுகுத்து. இரண்டு பெண்கள், நாலு காது. பதினொன்றரைக்கு நல்ல நேரம், தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று மைக்கில் ஒருவர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். தாய்மாமன் இப்போதுதான் இங்கே வந்து, ஈரல் வறுவலைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனான். வேலாயுதண்ணன் அந்தப் பக்கம் காலை டிபன் பாத்திரங்களை சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறார். பதினான்கு வருஷமாக என்னோடு கூடமாட வேலை செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய நாளில் நான் எழுந்து பின்பக்கம் போனால் யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார். இப்போது நான் எழாமல் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறார், பார்க்காத மாதிரி.

அவருக்குத் தெரியாதது ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பிரிஞ்சி இலைப் பையைக் கவிழ்த்தபோது இலையோடு இலையாக ஒரு பேப்பர் மடிப்பு விழுந்தது. நானே வைத்ததுதான். பிரிஞ்சி வாசனையில் எந்த மூக்கும் கண்டுபிடிக்காது என்று கெட்டிக்காரத்தனமாக வைத்துவிட்டு, வைத்த இடத்தையே மறந்திருக்கிறேன். விடுவது என்று முடிவான அன்றைக்கு அமுலுவும் நானும் வீட்டையும் வண்டியையும் சேர்ந்து துழாவினோம். ஸ்டெப்னிக்குள் ஒன்று, ஜாதிக்காய் டப்பாவில் ஒன்று, பீரோ மேலே சாமான் கட்டின சணல் சாக்கில் ஒன்று. ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, இத்தனையா என்று கேட்கக்கூட இல்லாமல் வாங்கி வாங்கி ஒரு பையில் போட்டாள். இந்த ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. உடனே எறிந்திருக்க வேண்டும். எங்கே எறிவது? அடுப்பில் போடலாம் என்றால் புகை நேராக ஹாலுக்குத்தான் போகும், காதுகுத்துக்கு வந்த முந்நூறு பேருக்கும் சேர்த்து தம் போட்டது மாதிரி ஆகும், தாய்மாமன் மேடையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். வடிகஞ்சியில் போடலாம் என்றால் அதை மாட்டுக்கு எடுத்துப்போக ஒரு அம்மா இரண்டு குடத்தோடு காலையிலிருந்து காத்திருக்கிறாள், அந்த மாடு என்ன பாவம் செய்தது. குப்பையில் போட்டால் குப்பை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போகலாம் என்றால் வாசலில் எப்போதும் நாலு பேர். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நியாயம் சொல்லிச் சொல்லி ஐந்து மணி நேரமாகப் பையிலேயே வைத்திருக்கிறேன். எறிய இடம் கிடைக்காதவன் மாதிரி நடிக்கிறேன். யாரிடம் நடிக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

பதினொன்று பன்னிரண்டு. உப்பு. உப்பை நினைக்கக் கூடாது என்றால் உப்புத்தான் நினைவுக்கு வருகிறது. விட்ட முதல் வாரம் தூக்கமே இல்லை. பனியன் நனைந்து, அமுலு நடுவில் எழுந்து வேறு பனியன் எடுத்துக் கொடுப்பாள். சோறு இறங்காது, யார் என்ன சொன்னாலும் கோபம் வரும், குக்கர் விசிலுக்குக் கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறேன். இரண்டாவது வாரம் கனவு வந்தது. எத்தனையோ வருஷமாகக் கனவு என்று ஒன்று எனக்கு வந்ததே இல்லை, திடீரென்று ஒரே ராத்திரியில் மூன்று நான்கு. எல்லாவற்றிலும் எதையோ மூடிவிட்டுத் திறக்க மறந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அது நல்ல அறிகுறி, மூளை தன் வேலையைத் திரும்பச் செய்கிறது என்றார். நான்காவது வாரம் நாக்கு வந்தது. அமுலு வைத்த ரசத்தை வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு புளியா, இவ்வளவு மிளகா என்று கேட்டால், எப்பவும் வைக்கிறதுதான் என்றாள். அந்தப் புது நாக்கை நம்பிப் போன ஞாயிறு ஆற்காட்டில் ஒரு மஞ்சள் நீராட்டுக்கு உப்புப் போட்டேன். முதல் பந்தியிலேயே இலைக்கு இலை உப்புக் கேட்டார்கள். பெண்ணின் பெரியப்பா கொட்டகைக்கே வந்து, மாஸ்டருக்கு பிரஷரா, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒரே யோசனை. இத்தனை வருஷமாகத் தணிகா மாஸ்டர் பிரியாணி என்று பேர் வாங்கியது நான்தானா, இல்லை அந்தப் புகையா. புகை போனால் என் கையில் மிச்சம் என்ன இருக்கிறது. இன்றைக்கு மசாலாவை வழித்து நாக்கில் வைத்தபோது சரியாக இருந்தது. சரியாக இருந்ததால்தான் பயம் வந்தது. பயத்தில் அரைக் கை கல்லுப்பு மேலே போட்டுவிட்டேன். வேலாயுதண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அவர் நாக்கு முப்பது வருஷ வெற்றிலைச் சுண்ணாம்பில் வெந்த நாக்கு. கரெக்டா கீது மாஸ்டர் என்றார். அந்த அரைக் கை போடுவதற்கு முன்னாலும் அதையேதான் சொன்னார்.

உண்மையைச் சொன்னவர் ஒருத்தர்தான். என் மாமனார் முனிரத்தினம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர், அந்த நாற்றத்தில் மூக்கு செத்துப்போய்விட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். அத்தை போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். எங்கே விசேஷம் என்றாலும் ஒரு டிபன் பாக்ஸ் அவருக்கு எடுத்துப்போவேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வாயை மென்று, கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு கல்லு தூக்கல், மாப்ள" என்பார். ஒவ்வொரு தடவையும் அதுதான். இரண்டு கல் என்று சொன்னதில்லை, சரியாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு டப்பாவைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்தும் வைப்பார். மூக்குப் போனவர் உப்பைப் பற்றிப் பேசுகிறார் பாருங்கள் என்று வேலாயுதண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த ரசம் குடித்த அன்றைக்குத்தான் தெரிந்தது, மூக்கும் நாக்கும் செத்துப்போயிருந்தது எனக்கு. பத்தொன்பது வருஷமாக ஒரு கல் தூக்கலாகத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், ஊரும் அதுதான் ருசி என்று பழகிவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான் மாமா என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

பதினொன்று பத்தொன்பது. பழைய நாளாக இருந்தால் இந்த நேரத்துக்குக் கஞ்சா ஏறியிருக்கும். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அரை மணி அரை நாளாக விரியும், மண்டபத்துச் சத்தமெல்லாம் தூரத்தில் எங்கோ வேறு யாருக்கோ நடக்கும், மூடிக்குள் ஆவி சுற்றுவதுகூடக் கேட்கிற மாதிரி இருக்கும். பயம் இருக்காது. அதற்காகத்தான் இத்தனை வருஷமும், பயம் இல்லாத அந்த அரை மணிக்காக. டாக்டரம்மா முதல் நாளே, எந்த நேரத்தில் ஆசை வருகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அமுலு அன்றைக்கே கோடு போட்ட நோட்டு வாங்கினாள். நான் அதில் ராத்திரி ஒன்பது என்று எழுதினேன். மறுநாள் ஒன்பதே கால் என்று எழுதினேன், ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே. அன்றிலிருந்து ஒன்பது மணி ஆனால் அமுலு என்னைத் தனியாக விடுவதில்லை. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போகிறாள், கடலை வறுத்துத் தருகிறாள், தாயம் ஆடலாம் என்கிறாள், தாயத்தில் எனக்காகத் தோற்கவும் செய்கிறாள். ஒன்பது மணி எனக்கு ஒரு தொந்தரவே இல்லை. தொந்தரவு பகல் பதினொன்று ஐந்து, அதை எழுத முடியவில்லை. அமுலுவுக்குத் தெரிந்த வரைக்கும் நான் வேலை முடிந்து, வீட்டுக்கு வருகிற வழியில் புகைக்கிறவன். அடுப்பங்கரையில் தொடமாட்டேன், அடுப்பு சாமி மாதிரி என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை நான் போன் எடுக்காததற்குக் காரணம் தம் என்று நம்புகிறாள். தம் போட்டிருந்தேன் என்று நான் சொன்னபோதெல்லாம் தம் போட்டுத்தான் இருந்தேன். கல்யாணமான இந்தப் பதினாறு வருஷமும் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் பொய்யே சொல்லாமல் அவளை ஏமாற்றியிருக்கிறேன்.

அவள் அந்த நேரத்துக்குக் கொடுக்கிற மரியாதையை நினைத்தால் உடம்பு கூசுகிறது. சொந்தக்காரர்கள் என்னைத் தேடினால், அவரு தம் போட்டிருப்பாரு, பன்னெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடுவாள். இந்த நாற்பத்தொரு நாளில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடுகிறாள். தண்ணீர் குடித்தீர்களா, தலை சுற்றுகிறதா, வெயிலில் நிற்காதீர்கள். பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் மட்டும் போன் வராது. எனக்கு அவள் குரல் தேவைப்படுகிற நேரம் அது ஒன்றுதான். இந்த நேரத்தில் கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் நேராக ஆறு வருஷத்துக்கு முந்தின அந்த நாளுக்குப் போய் நிற்பாள். அவளை அங்கே போக விடக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி முகூர்த்தம். மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், வண்டி மண்டபத்து வாசலில் நின்றது. தம் போட்டு, போனை சைலண்டில் வைத்து, வண்டி டேஷ்போர்டில் போட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பதினொன்று பத்துக்கு மாமாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அமுலு என்னை ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு தெருமுனைக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, இருந்தவர்களை இறங்கச் சொல்லிக் கெஞ்சி, அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ரயில்வே கேட் மூடியிருந்ததாம். கேட்டில் நிற்கும்போதே மாமா அவள் தோளில் சாய்ந்துவிட்டாராம். எனக்கு நேரம் போனது தெரியவில்லை, பதினொன்று ஐம்பதுக்குத்தான் வண்டிக்குப் போனேன். ஒன்பது மிஸ்டு கால். பார்த்தேன். பார்த்துவிட்டு முதலில் போய் அண்டாவைத் திறந்தேன். பந்தி உட்கார்ந்துவிட்டது, ஆள்கள் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு வாரிக் கொடுத்து, முதல் பந்தி போன பிறகுதான் கூப்பிட்டேன். எடுத்தது அவள் தம்பி கோதண்டன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் என் சட்டையைப் பிடித்தான். வண்டியை வெச்சுகினு இன்னாய்யா பண்ணிகினு இருந்த என்று கத்தினான். கேட்க வேண்டிய கேள்விதான். அமுலு வந்து அவன் கையை விலக்கிவிட்டாள். "அவரு தம் போட்டிருந்தாருடா. தம் போட்டா எடுக்க முடியாது" என்றாள். அன்றைக்கிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் நடந்த கதை. என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சட்டையில் அந்த வாசனை இருந்திருக்கும், அடுப்புப் புகை என்று நினைத்திருப்பாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் யாரையும் கேட்டதில்லை. யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பதினொன்று இருபத்தாறு. எழுந்துவிட்டேன். நான் எழவில்லை, கால் எழுந்தது. கொட்டகைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் மதிலுக்கும் நடுவில், ஒரு ஆள் குந்துகிற அளவுக்கு நிழல். எல்லா மண்டபத்திலும் இப்படி ஒரு இடம் இருக்கும், காலையில் பாத்திரம் இறக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்வேன். இன்றைக்கும் பார்த்துவைத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. வேலாயுதண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி தொட்டிக்குள் குனிந்துகொண்டார். ஒரே ஒரு இழுப்புத்தான். உப்புக்காக. பழைய நாக்கு வந்துவிட்டால் திறக்கும்போது சரியாகச் சொல்லிவிடும், ஆற்காடு மாதிரி ஆகாது, பேர் கெடாது, பேர் கெட்டால் நாளைக்கு வேலாயுதண்ணனுக்கும்தானே பிழைப்பு. எவ்வளவு நல்லவனாகிவிட்டேன் பாருங்கள், அவருக்காகப் புகைக்கப் போகிறேன். நாற்பத்தொன்று போய் மறுபடி ஒன்று ஆகும், அவ்வளவுதானே, பென்சில் கோடுதானே. அதுகூட ஆகாது. அமுலுவுக்குத் தெரியப்போவதில்லை. சாயந்தரம் போனதும் என் முகத்தைப் பார்ப்பாள், சந்தோஷமாகப் போய்ப் பென்சிலை எடுப்பாள், நாளைக்கு நாற்பத்திரண்டு, அதற்கடுத்து நாற்பத்து மூன்று என்று போட்டுக்கொண்டே போவாள். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி நின்றவன்தான். குந்தினேன். முதுகில் மதிலின் சூடு. கை சட்டைப் பைக்குப் போயிற்று. பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, போனை எடுத்தது. சைலண்டில் வைப்பதற்கு. பொட்டலத்துக்கும் முன்னால், தீப்பெட்டிக்கும் முன்னால், முதலில் அது. இத்தனை வருஷத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. என் பழக்கம் தீக்குச்சியில் ஆரம்பிக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமுலுவின் வாயைப் பொத்திவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்திருக்கிறேன். கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேல் இருக்கிறது. ஹாலில் முதல் காது குத்திவிட்டார்கள் போல, குழந்தை வீறிட்டது, மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கப் போட்டது, எல்லோரும் சிரித்தார்கள். விரலை எடுத்து அமுலுவின் பேரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். இந்த நேரத்தில் என் போன் வந்ததே கிடையாது.

"ஏங்க, இன்னா ஆச்சு? தம் போடலயா?"

"போட்டாச்சு."

"கையில சுட்டுக்கினீங்களா? மயக்கமா?"

"ஒண்ணும் ஆவல. அமுலு, தம் போட்டா போன் எடுக்க முடியாதுன்னு எதுவும் இல்ல. எடுக்கலாம். எப்பவும் எடுத்திருக்கலாம்."

பிறகு சொன்னேன். வரிசையாக வரவில்லை. பதினொன்று ஐந்து என்றேன், மதிலோரம் என்றேன், நோட்டில் எழுதின ஒன்பது மணி பொய் என்றேன், பிரிஞ்சி இலைப் பையில் ஒன்று இருந்தது, அது இப்போது என் பையில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை என்றேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் சொன்னேன், அந்த ஒரு நாளைத் தவிர. அது அவள் கேட்கட்டும் என்று இருந்தேனோ, கேட்காமல் விட்டுவிடுவாள் என்று இருந்தேனோ தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அன்னிக்குமா?"

எந்த அன்றைக்கு என்று கேட்டிருக்கலாம். இரண்டாவது காதுக்கு அதே குழந்தை இன்னும் சத்தமாக அழுதது.

"அன்னிக்கும்தான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கோதண்டன்கிட்ட நான்தான் சொன்னேன், தம் போட்டிருந்தாருன்னு."

"ஆமா."

"நீங்க பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்க."

"நின்னுகினுதான் இருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்லலாம்தான், அது அந்த நேரத்தில் என் வேலையை எளிதாக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த குழந்தைக்கு ஒரு காது, அப்புறம் இன்னொரு காது. மேளம் கொட்டினார்கள். "மாஸ்டர், மணி ஆச்சு" என்று வேலாயுதண்ணன் கூப்பிட்டார். போனில் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"போய்த் திறங்க. அடி புடிக்கும்" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை.

போனை அணைக்காமல், ஸ்பீக்கரைப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கையை வெளியே எடுத்தபோது அதோடு பொட்டலம் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போது பேப்பரைப் பிரித்து சோப்புத் தண்ணீரில் கொட்டினேன். எறிய இடம் இத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்தது. வேலாயுதண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, இன்னா மாஸ்டர் இது என்றார். பழைய பிரிஞ்சி இலை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பையில் அமுலு இருந்தாள். கஞ்சாண்ணே என்றேன். அவர் துடைப்பக் கட்டையை எடுத்து நன்றாகக் கலக்கித் தொட்டியைச் சாக்கடைப் பக்கம் சாய்த்துவிட்டார். நான் தணலை வாரினேன். துணியை உருவினேன். மூடியை நகர்த்தியதும் ஆவி எழுந்து கொட்டகைக் கூரை வரைக்கும் போயிற்று. அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றது. இதை நான்தான் செய்திருக்கிறேன், வேறு யாரும் இல்லை, அது நன்றாகத் தெரிந்தது. நடுவில் கரண்டியை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன்.

"உப்பு எப்படி கீது?" பையிலிருந்து கேட்டாள். பழக்கத்தில் கேட்டாளோ, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டாளோ. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முந்நூறு பேரில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

"ஒரு கல்லு தூக்கல்" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அப்பாவுக்காக அழுதாளா, என் மேல் இருந்த கோபத்தில் அழுதாளா, எனக்குத் தெரியாது. பந்தி உட்கார்ந்துவிட்டது என்று ஆள்கள் தட்டோடு வந்து வரிசையாக நின்றார்கள். தாய்மாமன் முன்னால் நின்றான். கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.